பஸ்பாரின் பருமன்

பல மின்பாதைகள் ஒரே இடத்தில் வந்து சேரவும், அங்கிருந்து பல பாதைகளாகப் பிரியவும் நிறுத்தப்படும் உலோகப் பட்டைக்குப் பஸ்பார் என்று பெயர். மின்உற்பத்தி நிலையத்தில் எத்தனை ஜெனரேட்டர்கள் ஓடினாலும் அவை மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பட்டையில்தான். துணை மின்நிலையத்தில் டிரான்ஸ்பார்மர் தருவதை, ஊர்களுக்குப் போகும் பாதைகளான ஃபீடர்கள் பங்கிட்டுக்கொள்வதும் இங்கேதான். தொழிற்சாலையின் பேனலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் மீட்டர் அறையிலும் இது உண்டு. இதில் சுழலும் பாகம் கிடையாது, திறந்து மூடும் பாகம் கிடையாது. ஒரு ஃபீடரில் பழுது வந்தால் அந்த ஃபீடர் மட்டும் அணையும். பஸ்பாரில் பழுது வந்தால் அதைத் தொட்டு நிற்கும் எல்லாப் பாதைகளும் ஒரே நேரத்தில் அணையும். அதனால்தான் இந்த எளிய பட்டையின் அகலம், கனம், தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம் ஆகியவற்றைக் கணக்கிடுவதில் பொறியாளர்கள் நூறாண்டுகளுக்கு மேலாக உழைத்திருக்கிறார்கள்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், புதுக்கோட்டைக்கு வடக்கே ஏறத்தாழ 17 கி.மீ. தொலைவில் இருக்கிறது நார்த்தாமலை. மேலமலையில் நிற்கும் விஜயாலய சோழீச்சரத்துக்காகவும், முத்துமாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவுக்காகவும் அறியப்பட்ட ஊர். சுற்றிலும் கருங்கல் குன்றுகள், கல்குவாரிகள், கல் உடைக்கும் கிரஷர்கள், கிணற்றுப் பாசனம். இங்கே செலவாகும் மின்சாரம் தமிழ்நாட்டின் மொத்தத்தில் மிகச் சிறிய துளி. ஆனாலும் இப்படிப்பட்ட ஊர்களுக்கு மின்சாரம் அனுப்பும் துணை மின்நிலையங்களின் பஸ்பார்கள் அந்தத் துளிக்குத் தேவையானதைவிடப் பலமடங்கு வலுவாக அமைக்கப்படுகின்றன. ஊரின் தேவை வளர்ந்தது இதற்கு ஒரு பகுதிக் காரணம்தான். பெரிய காரணம், அந்த ஊரின் முதுகுக்குப் பின்னால் மின்வலை வளர்ந்தது. தமிழ்நாட்டில் பஸ்பாரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியே திறவுகோல்.

கடத்தியின் பருமனைப் பற்றிய முதல் பெரிய கேள்வி பணத்தைப் பற்றியதாக இருந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் 1881-ல் அதற்கு ஒரு விடை சொன்னார். செம்பைக் கூட்டினால் முதலீட்டுக்கான வட்டி கூடும். குறைத்தால் வெப்பமாக வீணாகும் மின்சாரத்தின் செலவு கூடும். இந்த இரண்டு ஆண்டுச் செலவுகளும் சமமாகும் இடத்தில் நிற்கும் பருமனே சிக்கனமானது என்பது அவர் கண்ட விதி. அடுத்த ஆண்டு, 1882-ல், நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. குறைந்த வோல்ட்டேஜில் நேர்மின்சாரம் தந்த அத்தகைய நிலையங்களுக்குக் கனத்த செம்புப் பட்டைகள் இல்லாமல் முடியவில்லை. அன்றைய பிரிட்டிஷ் பொறியாளர்கள் கையில் வைத்திருந்த வாய்பாடு மிக எளிது: ஒரு சதுர அங்குலச் செம்புக்கு 1,000 ஆம்பியர். இன்றைய அளவில் சொன்னால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1.55 ஆம்பியர். சிறிய பட்டைகளுக்கு அது தாராளம். பெரிய பட்டைகளுக்கு ஆபத்து. பருமன் கூடும் வேகத்தில் பட்டையின் மேற்பரப்பு கூடுவதில்லை என்பதை அந்த வாய்பாடு கணக்கில் எடுக்கவே இல்லை. எளிமையாக இருந்ததாலேயே அது நெடுநாள் நிலைத்தது.

அந்தக் காலத்துப் பட்டைகள் கல்லில்தான் பொருத்தப்பட்டன. ஸ்லேட் அல்லது சலவைக்கல் பலகைகளை இரும்புச் சட்டத்தில் நிறுத்தி, முன்பக்கம் கத்தி சுவிட்சுகளையும் மீட்டர்களையும், பின்பக்கம் செம்புப் பட்டைகளையும் போல்ட் போட்டு இறுக்குவார்கள். ஸ்லேட் தகடு தகடாகப் பிரியும், அறுப்பதும் துளைப்பதும் எளிது, தீப்பிடிக்காது. கல்லுக்குள் உலோகத் தாது ஓடும் நரம்பு இருந்துவிட்டால் மட்டும் தொல்லை. அந்த நரம்பு வழியே மின்சாரம் மெல்லக் கசிந்து கல்லைச் சூடாக்கும். ஆகவே நரம்பில்லாத பலகையைத் தேர்ந்தெடுப்பதும், துளைகளில் மின்கடத்தாப் புஷ் வைத்து போல்ட்டைக் கல்லில் படாமல் நிறுத்துவதும் அன்றைய பலகை செய்பவரின் முக்கிய வேலைகள். கடினமான கருங்கல்லைத் துளைத்துப் பலகையாக்க யாரும் முனையவில்லை. பின்னர் பீங்கானும் பிசின் வார்ப்புகளும் வந்து, திறந்த பலகைகளுக்குப் பதிலாக மூடிய இரும்புப் பெட்டிகள் வந்தன. கைபட்டால் உயிர்போகும் பட்டைகளை ஊழியரின் முழங்கை உயரத்தில் திறந்தே வைத்திருந்த காலம் அதோடு முடிந்தது. இந்தத் துறையின் வரலாற்றில் மனித உயிரைக் காத்த பெரிய மாற்றங்களில் அதுவும் ஒன்று.

தமிழ்நாட்டுக்கு மின்கடத்தி முதலில் பெரிய அளவில் வந்தது டிராமோடு. 1895-ல் மதராஸில் மின்சார டிராம் ஓடியது, இந்தியாவிலேயே முதலாவது. தொடக்கத்தில் சாலைக்கு அடியில் ஒரு பள்ளத்தில் கடத்திகளை வைத்து, மேலே ஒரு இடுக்கு வழியாக வண்டி மின்சாரம் எடுத்தது. சாலையில் படுத்துக் கிடந்த பஸ்பார் என்றே அதைச் சொல்லலாம். சென்னை மழைக்கு அந்த ஏற்பாடு தாங்கவில்லை. பள்ளத்தில் நீர் புகுந்தது. பின்னர் மேல்நிலைக் கம்பிக்கு மாறினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் பேசின் பிரிட்ஜில் அனல் மின்நிலையம் அமைத்து நகருக்கு மின்சாரம் கொடுத்தது. அப்போது மின்சாரம் நகரத்தின் பொருள். ஒவ்வொரு நிலையமும் தனித்தீவு. அதன் பஸ்பாரில் பாயக்கூடிய அதிகபட்ச மின்னோட்டம் அந்தக் கட்டடத்துக்குள் நிற்கும் ஜெனரேட்டர்களால் மட்டுமே கட்டுப்பட்டது.

அதே காலத்தில் பட்டையின் வெப்பக் கணக்கு அறிவியலாக உருப்பெற்றது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். அந்த வெப்பம் பட்டையின் மேற்பரப்பிலிருந்து காற்றுக்கும் கதிர்வீச்சாகவும் போகவேண்டும். 1,000 சதுர மில்லிமீட்டர் செம்பைச் சதுரக் கம்பியாக்கினால் சுற்றளவு ஏறத்தாழ 126 மி.மீ.; அதையே 100-க்கு 10 மி.மீ. பட்டையாக்கினால் 220 மி.மீ. உலோகத்தின் எடை ஒன்றுதான், ஆனால் தட்டைப் பட்டை ஏறத்தாழ கால் பங்கு மின்னோட்டத்தைக் கூடுதலாகத் தாங்கும். அதைச் செங்குத்தாக நிறுத்தினால் இருபக்கமும் சூடான காற்று தடையின்றி மேலேறும். படுக்கப் போட்டால் அடியில் காற்று தேங்கும். இரண்டு பட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கினால் இருமடங்கு மின்னோட்டம் கிடைக்காது. ஒன்றின் வெப்பம் மற்றொன்றைச் சுடும். செம்பின் தூய்மைக்கும் மின்தடைக்கும் உலகளாவிய அளவுகோல் 1913-ல் வந்தது. இங்கிலாந்தின் செம்பு மேம்பாட்டுச் சங்கம் 1936-ல் பஸ்பார்களுக்கென்றே வெளியிட்ட கையேடு, திருத்தப் பதிப்புகளோடு இன்றும் பொறியாளர் மேசையில் இருக்கிறது.

மாறுமின்சாரம் வந்தபோது இன்னொரு கட்டுப்பாடு சேர்ந்தது. மாறுமின்னோட்டம் கடத்தியின் நடுப்பகுதியைத் தவிர்த்து ஓரத்தை நாடும். நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் அது ஏறத்தாழ 9 மி.மீ. ஆழம் வரையே திறம்படப் பாயும். அலுமினியத்தில் சுமார் 12 மி.மீ. அதற்கு மேல் கனத்தைக் கூட்டுவது உலோகத்தை வீணாக்குவது. 6, 10, 12 மி.மீ. கனமுள்ள பட்டைகளே எங்கும் காணப்படுவதற்கும், மிகப்பெரிய மின்னோட்டங்களுக்குக் குழாய் வடிவம் எடுப்பதற்கும் இதுவே காரணம்.

தனித்தீவுக் காலத்தை முடித்தது நீர்மின்சாரம். 1932-ல் நீலகிரியில் பைக்காரா இயங்கத் தொடங்கி, 66 கிலோவோல்ட் கம்பிவழி கோயம்புத்தூர் ஆலைகளுக்கு மின்சாரம் அனுப்பியது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, 1937-ல் அங்கே மின்உற்பத்தி தொடங்கியது. 1944-ல் பாபநாசம். இந்த நிலையங்கள் காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. பஸ்பார் நோக்கில் பார்த்தால் இந்த ஆண்டுகளில் இரண்டு எதிரெதிர் மாற்றங்கள் நடந்தன. வோல்ட்டேஜ் உயர்ந்ததால் வழக்கமான மின்னோட்டம் குறைந்தது. 7 மெகாவாட்டை 440 வோல்ட்டில் எடுத்துச் செல்லப் பத்தாயிரம் ஆம்பியருக்கு மேல் வேண்டும். 11,000 வோல்ட்டில் ஏறத்தாழ 430 ஆம்பியர் போதும், அதாவது ஒரு சிறிய பட்டை. மறுபக்கம், நிலையங்கள் இணைந்ததால் எங்காவது ஷார்ட் சர்க்யூட் ஆனால் எல்லா ஜெனரேட்டர்களும் சேர்ந்து அந்த ஒரு புள்ளிக்கு மின்சாரத்தைப் பாய்ச்சும் நிலை வந்தது. அன்றாட மின்னோட்டம் சிறுத்தது, விபத்து மின்னோட்டம் பெருத்தது. அதுவரை வெப்பத்துக்காக அளக்கப்பட்ட பஸ்பார் இனி விசைக்காகவும் அளக்கப்படவேண்டியதாயிற்று.

ஒரு திசையில் மின்சாரம் பாயும் இரண்டு இணை கடத்திகள் ஒன்றையொன்று இழுக்கும். எதிர்த்திசையில் பாய்ந்தால் தள்ளும். அன்றாட மின்னோட்டத்தில் அந்த விசை உணரமுடியாத அளவு சிறியது. ஆனால் அது மின்னோட்டத்தின் இருபடியாக வளரும். ஷார்ட் சர்க்யூட்டின் முதல் அரைச்சுற்றில், அதாவது நொடியின் நூறில் ஒரு பங்கில், மின்னோட்டத்தின் உச்சம் அதன் நிலையான அளவைப்போல் இரண்டரை மடங்கு வரை போகும். அந்தக் காலத்தில் 11 கிலோவோல்ட் சுவிட்ச்கியர்களை 150, 250, 350 எம்.வி.ஏ. என்று மதிப்பிடுவது வழக்கம். 250 எம்.வி.ஏ. என்பது ஏறத்தாழ 13 கிலோஆம்பியர். இன்று அதே 11 கிலோவோல்ட்டுக்கு 25 கிலோஆம்பியர் என்பது சாதாரணம். மூன்று பேஸ் பட்டைகள் 250 மி.மீ. இடைவெளியில் நின்றால், பழைய மதிப்பில் நடுப்பட்டையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமமான விசை அடிக்கும். புதிய மதிப்பில் 275 கிலோ. மின்னோட்டம் இருமடங்கைக்கூட எட்டவில்லை, விசை மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது.

வடிவமைப்பாளருக்கு மிகக் கடினமான இடம் இங்கேதான் வருகிறது. பேஸ்கள் பக்கம்பக்கமாக நிற்கும்போது விசை கிடைமட்டமாக அடிக்கும். வெப்பம் போகப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்தவேண்டும் என்று பார்த்தோம். அப்படி நிறுத்தினால் விசை நேராகப் பட்டையின் அகன்ற முகத்தில் விழும். பட்டை எளிதில் வளையும் திசை அதுதான். 50-க்கு 10 மி.மீ. பட்டை ஒன்று ஒரு திசையில் காட்டும் வளைவு எதிர்ப்பு மற்றத் திசையில் ஐந்தில் ஒரு பங்குதான். குளிர்ச்சிக்கு ஏற்ற நிலை வலிமைக்கு ஏற்றதல்ல. வலிமைக்கு ஏற்றது குளிர்ச்சிக்கு உதவாது. இந்த முரணைத் தீர்க்க, பட்டையைத் தொடாமல் தாங்கிகளை நெருக்கி வைக்கிறார்கள். இரண்டு தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் பட்டையில் விழும் வளைவுத் திருப்பம் நான்கில் ஒன்றாகும். பழைய பேனல் ஒன்று விபத்துக்குப் பின் திறக்கப்படும்போது செம்புப் பட்டை வில்லாக வளைந்து நிற்பதையும், அதைத் தாங்கிய பீங்கான் அடியோடு ஒடிந்து கிடப்பதையும் காணலாம். பெரும்பாலும் முதலில் தோற்பது உலோகமல்ல, பீங்கானே. ஆகவே பஸ்பாரை அளப்பது என்பது பட்டையையும் தாங்கியையும் சேர்த்து அளப்பதுதான். பட்டைக்கு மட்டும் அட்டவணை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் இன்றும் சில பேனல் கடைகளில் உண்டு. அது பாதிக் கணக்கு.

விசை முதல் அரைச்சுற்றில் அடித்து ஓய்ந்தபின் வெப்பம் தன் பங்கைக் கேட்கும். பழுதான பாதையைத் துண்டிக்கும் பிரேக்கர் திறக்கும்வரை பாயும் பெருமின்னோட்டத்தின் வெப்பம் வெளியேற நேரமே இல்லாததால் முழுவதும் உலோகத்துக்குள்ளேயே தங்கும். ஏற்கெனவே 85 டிகிரியில் இருக்கும் பட்டை இன்னும் 100 டிகிரி ஏறலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு விநாடிக்குச் செம்பு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 120 ஆம்பியரும் அலுமினியம் 80 ஆம்பியரும் தாங்கும். நேரம் மூன்று விநாடியானால் இந்த அளவுகள் மூன்றின் வர்க்கமூலத்தால் வகுபடும். 25 கிலோஆம்பியரை மூன்று விநாடி தாங்க அலுமினியம் 540 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது.

இந்தக் கணக்கை நார்த்தாமலைப் பக்கம் போவதுபோன்ற ஒரு கிராமப்புற 11 கிலோவோல்ட் ஃபீடரில் வைத்துப் பார்க்கலாம். அதில் 200 ஆம்பியர் ஓடுகிறது என்று கொண்டால், அன்றாடத் தேவைக்கு 250 சதுர மில்லிமீட்டர் அலுமினியமே தாராளம். ஆனால் துணை மின்நிலையத்துக்குள், பிரதான பஸ்பாரிலிருந்து அந்த ஃபீடரின் பிரேக்கருக்கு இறங்கும் சிறு பட்டை அதைப்போல் இருமடங்குக்கு மேல் இருந்தாகவேண்டும். அந்தப் பட்டையில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் பாய்வது ஃபீடரின் மின்னோட்டமல்ல, வலையின் மின்னோட்டம். புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்களில் மடையின் கல்வேலை அது பாயும் வயலின் அளவுக்காகக் கட்டப்படவில்லை, பின்னால் நிற்கும் நீரின் அழுத்தத்துக்காகக் கட்டப்பட்டது. பஸ்பாரின் நிலையும் அதுவே.

பின்னால் நிற்கும் அந்த மின்கண்மாய் சுதந்திரத்துக்குப் பின் வேகமாக நிரம்பியது. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1957-ல் மாநில மின்வாரியம் அமைந்தது. குந்தா 1960-லும் நெய்வேலி அனல் மின்நிலையம் 1962-லும் மின்சாரம் தரத் தொடங்கின. பின்னர் எண்ணூர், தூத்துக்குடி, 1984-ல் கல்பாக்கம், மேட்டூர் அனல் நிலையம் என்று ஒவ்வொன்றாக வலையில் சேர்ந்தன. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் இடையே 765 கிலோவோல்ட் பாதை இயங்கியபோது தென்னக மின்வலை நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒரே அலைவெண்ணில் இணைந்தது. ஒவ்வொரு இணைப்பும் மாநிலத்தின் பெரிய துணை மின்நிலையங்களில் ஃபால்ட் லெவலை, அதாவது ஷார்ட் சர்க்யூட்டில் பாயக்கூடிய மின்னோட்டத்தை, உயர்த்தியது. 400 கிலோவோல்ட் நிலையங்களில் 40 கிலோஆம்பியராக இருந்த மதிப்பு பல இடங்களில் 63-க்குப் போனது. உயர்வு கட்டுமீறும் இடங்களில் பஸ்பாரை இரண்டாகப் பிரித்து இயக்குவதும், நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரியாக்டர் என்னும் சுருளை வைப்பதும் வழக்கமாயிற்று.

ஒற்றைப் பஸ்பாரின் காலமும் இந்த வளர்ச்சியில் கழிந்தது. சிறு நிலையங்களில் இன்றும் ஒரே பட்டைதான். அதற்கு அடுத்த படி, பிரேக்கரைப் பழுதுபார்க்கும்போது மாற்றுவழி தரும் இரண்டாவது பட்டை. அதற்கும் மேல் இரட்டைப் பஸ்பார். 400 கிலோவோல்ட்டில் இரண்டு பாதைகளுக்கு மூன்று பிரேக்கர் என்னும் ஒன்றரைப் பிரேக்கர் அமைப்பு. இவ்வளவு உயர்ந்த வோல்ட்டேஜில் பருமனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மின்னோட்டமும் அல்ல, விசையும் அல்ல, கொரோனா. கடத்தி மெலிதாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள காற்றே அயனியாகி இரையும், ஒளிரும், மின்சாரத்தைத் தின்னும். அதனால் தேவைக்கு மேல் விட்டமுள்ள அலுமினியக் குழாய்களோ, இரட்டை இரட்டையாகக் கட்டிய, மூஸ் என்று பெயரிட்ட கனத்த கம்பிகளோ அங்கே பஸ்பாராகின்றன. சிறு திறந்தவெளி நிலையங்களில் பாந்தர் என்னும் சற்று மெலிந்த கம்பியை இரும்புத் தூண்களுக்கு இடையே இழுத்துக் கட்டினாலே போதும்.

உலோகம் மாறிய கதை தனியானது. இந்தியாவில் கிடைத்த செம்பு போதவில்லை. வெளிநாட்டுச் செலாவணி கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அலுமினியத்துக்கு வேண்டிய பாக்சைட் இங்கேயே இருந்தது. நாட்டின் முதல் அலுமினிய உருக்காலை 1943-ல் கேரளத்தின் ஆலுவா அருகே, பள்ளிவாசல் நீர்மின்சாரத்தை நம்பி எழுந்தது. தமிழ்நாட்டில் 1965-ல் மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி சேர்வராயன், கொல்லிமலைப் பகுதிகளின் பாக்சைட்டைக் கொண்டு உற்பத்தி தொடங்கியது. அலுமினிய உருக்காலையே பஸ்பார் தொழில்நுட்பத்தின் உச்சம்: ஒவ்வொரு தொட்டிக்கும் நான்கைந்து வோல்ட்தான், ஆனால் வரிசையாக இணைந்த தொட்டிகள் வழியே பல்லாயிரம் ஆம்பியர் நேர்மின்சாரம் இரவுபகல் ஓயாமல் பாயும். அதைச் சுமக்கும் கனத்த பட்டைகள் அலுமினியத்தாலானவை. அந்தப் பட்டைகள் சுமந்த மின்சாரத்தில் பிறந்த உலோகமே பிறகு மாநிலத்தின் பேனல்களுக்குப் பஸ்பாராகப் போனது.

அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம். அதே மின்தடைக்கு 1.6 மடங்கு பருமன் வேண்டும். அப்படியும் எடை செம்பில் பாதிதான் இருக்கும். பருமன் கூடுவதால் மேற்பரப்பும் கூடும், அது வெப்பத்துக்கு நல்லது. ஐ.எஸ். 5082 என்னும் இந்தியத் தரநிலை அலுமினியப் பட்டை, குழாய்களுக்கான கலவைகளையும் வலிமையையும் வகுத்தது. 1 முதல் 36 கிலோவோல்ட் வரையிலான இணைப்புப் பஸ்பார்களுக்கு 1976-ல் ஐ.எஸ். 8084 வந்தது. பேனல் கடைகளில் இன்று வழங்கும் கைக்கணக்கு அலுமினியத்துக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 0.8 முதல் 1 ஆம்பியர் வரை. பழைய ஆயிரம் ஆம்பியர் வாய்பாட்டைவிட இது அடக்கமானது, ஆனாலும் கைக்கணக்கே.

அலுமினியத்தின் குறை அதன் இணைப்பில் இருக்கிறது. காற்றுப் பட்ட கணத்தில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒட்டிக்கொள்ளும். அது மின்கடத்தாப் பொருள். தேர்ந்த வயர்மேன் இரண்டு பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து இறுக்கும் முன், தொடும் முகத்தில் கிரீஸைத் தடவி, கிரீஸுக்கு அடியிலேயே கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார். படலம் உரியும், புதிய காற்றுப் படாது. பிறகு தட்டையான வாஷரும் கூம்பு வடிவ ஸ்பிரிங் வாஷரும் போட்டு டார்க் ரெஞ்சில் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் முறுக்குவார். அளவுக்கு மீறி முறுக்கினால் மென்மையான அலுமினியம் போல்ட்டின் அடியில் வழிந்து, நாளாக நாளாக இணைப்பு தளரும். தளர்ந்த இணைப்பு சூடாகும், சூடு மேலும் தளர்த்தும். செம்போடு நேரடியாகச் சேர்த்தால் ஈரத்தில் அரிப்பு வேறு; அதற்கு இரு உலோகத் தகடு நடுவே வேண்டும். பஸ்பார் பழுதுகளில் பட்டையின் நடுவில் தொடங்குபவை அரிது. இணைப்பில் தொடங்குபவையே அதிகம். ஆகவே எத்தனை இணைப்புகளைக் குறைக்கலாம் என்பதையும் அளவுக் கணக்கின் ஒரு பகுதியாகக் கொள்வதே சரி.

கடைக்கோடியில் கணக்கு மீண்டும் உருமாறுகிறது. 11 கிலோவோல்ட்டை 433 வோல்ட்டாக்கும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று முழுச்சுமையில் 133 ஆம்பியர் தரும். அதன் சொந்த மின்மறிப்பு நாலரை சதவீதம் அளவில் இருப்பதால், பின்னால் நாட்டின் வலை முழுவதும் நின்றாலும் அதன் வாயிலில் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் ஏறத்தாழ 3 கிலோஆம்பியருக்கு மேல் போகமுடியாது. டிரான்ஸ்பார்மரே காவலாக நின்றுவிடுகிறது. அங்கே பட்டையின் எதிரி விசையல்ல; வெயிலும் தூசும் இணைப்பும்தான்.

நார்த்தாமலையைச் சுற்றியுள்ள கிரஷர்களில் இந்த மூன்றும் ஒன்றாகக் கூடும். பேனல் அறையின் காற்றே கோடையில் 50 டிகிரியைத் தொட்டால், 85 டிகிரியைத் தாண்டக்கூடாத பட்டைக்கு மிஞ்சும் இடைவெளி 35 டிகிரிதான். 35 டிகிரிச் சூழலில் 1,000 ஆம்பியர் என்று அட்டவணை சொல்லும் பட்டை அங்கே ஏறத்தாழ 800 ஆம்பியரே தாங்கும். தூசு உள்ளே புகாதிருக்கப் பேனலை இறுக மூடினால் காற்றோட்டம் நின்று அந்த 800-உம் குறையும். திறந்துவிட்டால் கல்தூசு தாங்கிகளில் படிந்து, ஐப்பசி ஈரத்தில் மின்கசிவுப் பாதையாகும். 100 குதிரைத்திறன் மோட்டார் புறப்படும்போது முழுச்சுமையைப்போல் ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கலாம். சில விநாடிகளில் அடங்கிவிடுவதால் பட்டைக்கு அது பெரிய வெப்பமல்ல, ஆனால் தளர்ந்த இணைப்பை அது ஒவ்வொரு நாளும் சோதிக்கும். இத்தகைய இடத்துக்கு ஒரு படி பெரிய பட்டையும், ஆண்டுக்கு ஒருமுறை இணைப்புகளைச் சரிபார்ப்பதும் ஆடம்பரம் அல்ல.

திருச்சி – புதுக்கோட்டை ரயில்பாதை 1929-ல் திறக்கப்பட்டபோது அதில் நீராவி ஓடியது. இன்று நார்த்தாமலை வழியே அந்தப் பாதையின் மேல் 25 கிலோவோல்ட் கம்பி செல்கிறது. ரயிலின் மேல்நிலைக் கம்பியும் ஒருவகையில் நீட்டி இழுத்த பஸ்பார்தான்; எந்த இடத்தில் எந்த எஞ்சின் நின்று மின்சாரம் எடுத்தாலும் கொடுக்கவேண்டும். 1931-ல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதை 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மின்மயமானபோது அதற்குக் கனத்த செம்பும் நெருக்கமான துணை மின்நிலையங்களும் வேண்டியிருந்தன. 25 கிலோவோல்ட்டில் அதே திறனுக்குப் பதினேழில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். 107 சதுர மில்லிமீட்டர் தொடுகம்பியும் 65 சதுர மில்லிமீட்டர் தாங்குகம்பியும் ஒரு முழு எக்ஸ்பிரஸ் வண்டியை இழுக்கின்றன. துணை மின்நிலையங்கள் 40, 50 கி.மீ. இடைவெளியில் நின்றால் போதும்.

ஃபால்ட் லெவல் ஏறிக்கொண்டே போகும் இந்த நீண்ட போக்கில் இப்போது ஒரு திருப்பம் தெரிகிறது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. தென்மாவட்டங்களில் அதன்பின் இத்தகைய நிலையங்கள் பெருகின. சுழலும் ஜெனரேட்டர் ஷார்ட் சர்க்யூட்டின்போது தன் முழுச்சுமையைப்போல் பலமடங்கு மின்னோட்டத்தைப் பாய்ச்சும். சூரிய மின்நிலையத்தின் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள முழுச்சுமைக்குச் சற்று மேலே நின்றுவிடும். வெயில் நிறைந்த பகலில் அனல் நிலையங்கள் சில ஒதுங்கும்போது வலையின் ஃபால்ட் லெவல் தாழ்கிறது. இரவில் அவை திரும்பும்போது ஏறுகிறது. பஸ்பாரும் தாங்கிகளும் இரவின் உச்சத்துக்காக அளக்கப்படவேண்டும். பழுதைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேக்கள் பகலின் குறைந்த மின்னோட்டத்தையும் பழுது என்று அடையாளம் காணும்படி அமைக்கப்படவேண்டும். ஒரே எண்ணை வைத்துப் பட்டையையும் ரிலேயையும் தீர்மானித்த பழைய முறைக்குப் பதிலாக, அதிகபட்சம் ஒன்று, குறைந்தபட்சம் ஒன்று என இரண்டு ஃபால்ட் லெவல்களையும் ஒவ்வொரு பஸ்பாருக்கும் தனித்தனியே கணக்கிடவேண்டிய கட்டத்துக்கு மின்வலை வந்திருக்கிறது.